ட்ரெஸ்லர் வீட்டுச் சட்டி

ஒரேகானில் எங்கள் ஆற்றங்கரையில் முதன்முதலாகக் குடியேறியவர்களின் நினைவாக வருடந்தோறும் விருந்து நடக்கும். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் வரவேண்டும். பாத்திரம் மாறிவிடாமல் இருக்க, அடியில் குடும்பப் பெயரை எழுதி ஒட்டுவோம்.

மூன்று வருடங்களாக ஒரு இரும்புச் சட்டி கூடுதலாக வந்தது. உள்ளே பீன்ஸும் பன்றிக்கறியும் ஆவி பறக்கும். வெளியே சொட்டச் சொட்ட ஈரம். அடியில் ‘ட்ரெஸ்லர்’ என்று கீறியிருக்கும்.

ட்ரெஸ்லர் குடும்பத்தார் ஆறு பேர். அந்தக் காலத்து வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுபோனவர்கள். எங்கள் முன்னோர்கள் இக்கரை சேர்ந்ததும் தெப்பக் கயிற்றை அறுத்துவிட்டார்கள்; அந்த ஆறு பேரையும் வெள்ளம் கொண்டுபோனது. நினைவுப் பலகையில் இதெல்லாம் இல்லை.

போன வருடம் என் தம்பி டெல்பர்ட் சட்டியை வழித்துத் தின்றான்.

“தின்னது சரி, சட்டியைக் காலியாவா திருப்பிக் குடுப்பே? நாலு ரொட்டி வச்சுக் குடுடா,” என்றாள் அக்கா மார்வா.

“யாருகிட்டக் குடுக்கறது? நீயே நீந்திப் போய்க் குடுத்துட்டு வா.”

சிரித்தோம். காலிச் சட்டியைக் கரையில் வைத்தோம். மறுநாள் அது அங்கே இல்லை.

இந்த வருடம் சட்டி வரவில்லை. ‘அப்பாடா’ என்றிருந்தது. பதார்த்தங்களைப் பரப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் மேசைக் கோடியில் ஆறு தட்டுகள் இருந்தன, காலியாக, நீர் சொட்டிக்கொண்டு.

மார்வா கரண்டியை எடுத்தாள்.

“டெல்பர்ட், தள்ளி உக்காருடா. அவங்களுக்கு இடம் விடு.”

அவன் நகர்ந்தான். நகர்ந்த பக்கமும் பெஞ்சு நனைந்திருந்தது.