சாட்சியைத் தின்னவ

"சீட்டை மேசையில வையிடி."

லிங்ஷு மூணாவது தடவையா சொல்றா. கேயிங் அசையவே இல்ல. சீட்டை நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிட்டு, நாடக மேடையில நிக்கிற மாதிரி ராகம் போட்டுப் படிச்சா.

"மருந்து கொதிக்கிற சட்டிக்குள்ள அந்த ஆளு எதையோ கொட்டினத, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

"படிக்கக் கூடாது. எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கணும். அதான் விதி."

"என் குரல் நல்லாருக்குல்ல?"

செங்துவுல ஒரு சனிக்கிழமை மத்தியானம். லிங்ஷு வீட்டுக் கூடத்துல மருந்துக்கடை முதலாளி செத்துக் கிடக்கார். அதாவது ஒரு தலகாணி, மேல கொஞ்சம் மிளகா எண்ணெய். யாரு கொன்னதுன்னு கண்டுபிடிக்கணும். கொன்னவங்க ஒத்துக்கக் கூடாது, மத்தவங்க பேசிப் பேசியே பிடிக்கணும்.

சந்தேகம் நாலு பேர் மேல. கணக்குப்பிள்ளையா ஷுவோ. சமையல்காரனா கேயிங். வைத்தியரா சூய் அண்ணன். முதலாளியோட ரெண்டாவது சம்சாரமா போவென், அவனோட அக்கா சால்வையைப் போத்திக்கிட்டு.

இதுல சூய் அண்ணன்தான் முக்கியம். ஊருக்குள்ள, இந்த மாதிரி கொலை விளையாட்டு ஆட ஆளுங்க காசு குடுத்து வர்ற கடை நடத்துறவர். கதை பிடிச்சா விலைக்கு வாங்கிக்குவார். இன்னிக்குத் தேறலைன்னா எழுத்தை மூட்டை கட்டி வச்சிட்டு, அம்மா பாத்து வச்ச வேலைக்குப் போறதா லிங்ஷு வாக்கு குடுத்திருந்தா. இத்தனை நாளா தானே யோசிச்சு, தானே தட்டச்சு பண்ணி, தானே கத்தரிச்சு வச்ச சாட்சிச் சீட்டு ஒவ்வொண்ணும்.

அதுல ஒண்ணைத்தான் கேயிங் விடாம பிடிச்சுக்கிட்டிருக்கா.

"காட்ட மாட்டேங்கிறான்னா இவன்தான்யா கொலைகாரன்!" ஷுவோ எழுந்து நின்னுட்டான். "அடுப்படியில வேற யாரு இருப்பா?"

"அடுப்படியில சமையல்காரன் இல்லாம கணக்குப்பிள்ளையா இருப்பான்?" கேயிங் பாய்ஞ்சா. "நீ எதுக்கு அங்க வந்த? அதைச் சொல்லு முதல்ல."

"நான் எப்ப வந்தேன்?"

"வரலைன்னு நிரூபி."

"ஐயோ, என் வீட்டுக்காரர் போயிட்டாரே!" நடுவுல போவென் அழுதான். தீனிக்கு வாங்கி வச்சிருந்த மசாலா முயல் தலையைக் கடிச்சுக்கிட்டே அழுததால அவ்வளவா நம்பும்படி இல்ல.

சூய் அண்ணன் மட்டும் அமைதியா கையை நீட்டினார்.

"இங்க குடும்மா. சரியாப் பாத்துட்டுத் தரேன்."

கேயிங் அவரைப் பாத்தா. சீட்டைப் பாத்தா. நாலா மடிச்சா. மிளகா எண்ணெயில ஒரு தொடு தொட்டு, வாயில போட்டு, மென்னு, முழுங்கிட்டா.

உதட்டைத் துடைச்சுக்கிட்டா.

"நான் சமையல்காரன்"னா. "கையில கிடைச்சத ருசி பாக்குறதுதான் என் வேலை."

அதுக்கப்புறம் விளையாட்டு எங்கேயோ போயிடுச்சு. சாட்சியைத் தின்னவன் கொலைகாரனா, பசிகாரனான்னு ஒரு சண்டை. கணக்குப்பிள்ளை எதுக்கு இப்படி வேர்க்குறாருன்னு இன்னொரு சண்டை. கேயிங் ஓயவே இல்ல. வைத்தியரைக்கூட விட்டு வைக்கல. "செத்தா உங்களுக்கு வருமானம் போயிடும், அதனால நீங்க இல்ல. இல்ல இல்ல, நீங்கதான்"னா.

கடைசியில ஓட்டுப் போட்டாங்க. சமையல்காரனுக்குத்தான் அதிகம்.

போவென் சால்வையை உதறினான். "அட மக்குங்களா, நான்தான்யா கொன்னேன்!"

ஷுவோ தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

லிங்ஷுவுக்கு அதெல்லாம் காதுல விழல. கேயிங் கையைப் பிடிச்சு சமையலறைக்குள்ள இழுத்துட்டுப் போனா.

"எனக்கு இது விளையாட்டு இல்லடி. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவர் முன்னாடி கோமாளித்தனம் பண்ண? எங்க போனாலும் எல்லாரும் உன்னையே பாக்கணும், அதானே?"

கேயிங் கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாத்தா. சூய் அண்ணன் அங்கேதான் உக்காந்திருந்தார்.

"அப்படியே வச்சுக்க"ன்னா.

"இனிமே என் வீட்டுப் பக்கம் வராத."

"சரி. கொஞ்சம் தண்ணி குடு, மை கசக்குது."

லிங்ஷு குடுக்கல. கேயிங் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. பின்னாடியே ஷுவோவும் போவெனும் சத்தமில்லாம நழுவினாங்க.

சூய் அண்ணன் நிதானமா எழுந்து வாசல்ல காலணி மாட்டினார்.

"கதை சுமார்தான்"னார்.

லிங்ஷு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "அவ மட்டும் ஒழுங்கா ஆடியிருந்தா..."

"ஆனா வாங்கிக்கிறேன். யாரு கொன்னதுன்னு தெரிஞ்சும் ரெண்டு தடவை எனக்கே சந்தேகம் வந்துடுச்சே!"

"தெரிஞ்சுமா? எப்படிண்ணே?"

"அவ பக்கத்துலதானே உக்காந்திருந்தேன், சீட்டு ஓரமா கண்ணுல பட்டுச்சு. நம்ம சீன மொழியில வாயால படிச்சா அவனும் 'தா', அவளும் 'தா'. எழுதினாத்தானே வேற வேற? சட்டியில கொட்டின ஆளுக்கு நீ அவசரத்துல பொம்பளைக்குப் போடுற 'தா'வைத் தட்டியிருக்க. கதையில இருக்கிறதே ஒரே பொம்பளை."

சூய் அண்ணன் கதவைத் திறந்தார்.

"நான் முன்னமே பாத்துட்டேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அதான், நான் கை நீட்டினதும் பதறிப்போய் முழுங்கிட்டா, பாவம்."