வாய்தா வக்கீல்

"என் ஜோடி வக்கீல் சாரா?"

அவள் பதறியதை ஓட்டக் குழுவின் கோச் காதில் வாங்கவே இல்லை. குடைக்குள் நின்றபடி எல்லோருக்கும் சட்டத்தைச் சொன்னார்.

"மழை ரோடு. யாரும் தனியா ஓடக் கூடாது. ஜோடியா போய் ஜோடியா வரணும். இருபத்தஞ்சு கிலோமீட்டர். பத்து மணிக்கு விசில் ஊதிடுவேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் கோட்டைத் தொட்டாத்தான் அடுத்த மாச ஓட்டத்துல இடம்."

அடுத்த மாத ஓட்டம், ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டயாலிசிஸ் மெஷின் வாங்கித் தருவதற்காக. அங்கே டயாலிசிஸ் வார்டில்தான் அவளுடைய அக்கா வாரத்துக்கு மூன்று நாள் படுத்துக் கிடக்கிறாள். அந்த ஓட்டத்தில் தான் இல்லாமல் போவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

துணிக்கடை கல்லாவில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. இவ்வளவு தூரம் ஓடுவது இதுதான் முதல் தடவை. உற்சாகத்தில் ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இதில் போய் வாய்தா வக்கீலா?

குழுவில் அவருக்கு அதுதான் பெயர். கோர்ட்டில் எப்படியோ, ஓட்டத்தில் வாய்தா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டே இருப்பார். திடீரென்று, "லேஸ் அவுந்துடுச்சு" என்று உட்கார்ந்துவிடுவார்.

"போன வருஷம் எனக்கும் அவர்தான் ஜோடி" என்று தையல் டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவள் குனிந்து தன் லேஸில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

வக்கீல் வந்து சேர்ந்தார். கணுக்கால் வரை தொங்கும் மழைக்கோட்டு. ஓட வந்தவரா, கூடாரம் போட வந்தவரா என்றே தெரியவில்லை.

ஓட்டம் ஆரம்பித்தது. மழை முகத்தில் அறைந்தது. அவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. தேங்கிய தண்ணீரைச் சளப் சளப்பென்று மிதித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓடினாள்.

பாதி தூரம் தாண்டி, பாலத்தில் ஏறும்போது, "ஒரு நிமிஷம்மா, லேஸ்" என்றார் வக்கீல்.

ஆரம்பித்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் குந்தி உட்கார, மழைக்கோட்டு காலை மூடிக்கொண்டது. கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மறுபடி கிளம்பியபோது காலில் புதுத் தெம்பு வந்திருந்தது. கோபம் கொடுத்த தெம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்ரோல் பங்க் பக்கத்தில் மறுபடி லேஸ். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மறுபடி லேஸ்.

அவள் வெடித்துவிட்டாள். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டுதான் கத்த முடிந்தது. அவ்வளவு கோபம்.

"எத்தனை வாய்தா சார் வாங்குவீங்க? உங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு எங்க அக்கா சார். இன்னிக்கு விசில் அடிச்சுட்டாங்கன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிப்பேன்?"

வக்கீல் நிமிரவில்லை. குனிந்தபடியே பாட்டிலை நீட்டினார்.

"தண்ணி குடிங்கம்மா."

வாங்கி மடமடவென்று குடித்தாள். கோபம் மட்டும் தணியவில்லை.

"இதான் கடைசி வாய்தா" என்று எழுந்தார் வக்கீல். "இனிமே தீர்ப்புதான். வாங்க."

அப்புறம் அவர் நிற்கவே இல்லை. அவளும் விடவில்லை. மேடு இறங்கி, கடைத்தெருவைத் தாண்டித் திரும்பினால், தூரத்தில் கோச். வாயில் விசில். கண் கைக்கடிகாரத்தில். பக்கத்தில் குடையும் முகக்கவசமுமாக அக்கா. வராதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் வந்து நிற்கிறாள்.

"ஓடுடி!" என்று கத்தினாள் அக்கா.

எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம். இரண்டு பேரும் கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்த பிறகுதான் விசில் சத்தமே கேட்டது.

அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் மனம் தாராளமாகிவிட்டது. வக்கீலிடம் போனாள்.

"கோபத்துல என்னென்னமோ பேசிட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க. ஆனா அடுத்த மாசம் அந்த லேஸ் அவுழக் கூடாது. காலைக் காட்டுங்க, எப்படி முடிச்சுப் போடணும்னு காட்டறேன்."

"அய்யய்யோ, வேண்டாம்மா. இருக்கட்டும்."

வாய்ச்சவடாலுக்குப் பேர்போன வக்கீல் திக்கித் திணறிப் பின்வாங்கினார். அவளா விடுகிறவள்? சட்டென்று குந்தி மழைக்கோட்டின் ஓரத்தைத் தூக்கினாள்.

சேறு அப்பிய ஷூ. குறுக்கே, இழுத்து ஒட்டிவிடுகிற இரண்டு பட்டை. லேஸ் கோக்க அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.