கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எழுவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

வலைக் கொட்டகையில் ஊர்க் கால்பந்துச் சங்கம் கூடியிருந்தது. எல்லோரும் ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்தவர்கள். வெள்ளைச் சட்டை கசங்குவதற்குள் ஒரு மனிதரை ஊரைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

அவன் எல்லோருக்கும் முன்பே வந்து மணலில் உட்கார்ந்துவிட்டான். தான் நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது. கோயிலில்கூட முழந்தாளிடவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றே ஒப்பேற்றினான்.

எதிரே, ஒரு ஸ்டூலில், கோச் பொன்னையன் சார்.

மலைப்பக்கத்துக்காரர். நீந்தத் தெரியாது. ஏழு வருடமாக இரண்டு பஸ் மாறி வந்து, மீன்பிடிக்கிறவர்களுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம். பக்கத்து ஊரோடு. இரண்டு ஊரும் ஒவ்வொரு கோல் போட்டிருந்த நேரத்தில், இடைவேளையோடு, சார் அவனை வெளியே எடுத்தார். இந்த வருடம் பதினாலு கோல் போட்டவனை.

கடைசி நிமிடத்தில் தோற்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வெடித்த வெடியின் காகிதம் இன்னும் இந்தக் கரையில் கிடக்கிறது. வேண்டுமென்றே இங்கே வந்து வெடித்தார்கள், பாவிகள்.

“பதினாலு கோல் போட்டவன எதுக்கு எடுத்தாருன்னு கேக்குதேன்,” என்றான் மிக்கேலடிமை. விசைப்படகின் டிரைவர். கடலில் அவன் சொன்னதுதான் சட்டம். கரையிலும் அப்படித்தான் என்று ஒரு நினைப்பு. “ஜெயிக்கணும்னு வெறி இருக்கவன் செய்யுத வேலையா இது?”

“ஆளு நல்ல ஆளு டிரைவரே,” என்றான் ஜெரால்டு. “எங்க அம்மைய அடக்குனப்ப கொட்டுத மழையில வந்து நின்னாரு. ஆனா நல்ல ஆளு வேற, கோச்சு வேற.”

“அவருக்கென்ன. தோத்தாலும் ஜெயிச்சாலும் ஏழு மணி பஸ்ஸப் புடிச்சுப் போயிருவாரு. நாமதான இங்கன கெடந்து முழிக்கணும்,” என்றான் மிக்கேலடிமை.

சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தன்றும் மாலையில் பயிற்சிக்கு வந்தவர் அவர். அது எல்லோருக்கும் தெரியும். இன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

காரணம் கேட்டபோது சார் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

“எனக்குத் தோணிச்சு, எடுத்தேன்.”

அது பொய். அவனுக்கு மட்டும் தெரிந்த பொய்.

இடைவேளையில் தென்னை மரத்து மூட்டில் உட்காரவைத்து, சார் அவன் வலது முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அலறிவிட்டான். உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சினான்.

செவ்வாய்க்கிழமை மிக்கேலடிமையின் படகு புறப்படுகிறது. நாற்பது நாள் கடலிலேயே தங்கல். காலில் கோளாறு உள்ளவனை மிக்கேலடிமை ஏற்றமாட்டான். இரண்டு வருடம் முன்பு மிக்கேலடிமையின் தம்பி கால் இடறி, ஓடுகிற தூண்டில் கயிற்றில் சிக்கிக் கடலுக்குள் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இவன் வீட்டிலோ ஏழு மாதக் கைக்குழந்தை. இந்தத் தங்கலை விட்டால் இவன் இடத்தில் இன்னொருவன் ஏறுவான். ஏறியவன் லேசில் இறங்கமாட்டான்.

சார் அவன் காலை மெல்ல மணலில் இறக்கிவைத்தார்.

“நான் சொல்லமாட்டேன். ஆனா ஆடவும் விடமாட்டேன்.”

இரண்டையும் செய்துவிட்டார்.

இந்தச் சங்கத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. ஒருமுறை பாதிப்பேர் இரண்டு கையையும் தூக்கி, பெரிய ரகளையாகிவிட்டது. அதிலிருந்து மணலில் ஒரு கயிற்றைப் போடுவார்கள். வேண்டும் என்பவன் எழுந்து நடந்து, கயிற்றைத் தாண்டி நிற்க வேண்டும். வேண்டாம் என்பவன் உட்கார்ந்தே இருக்கலாம்.

கயிறு போட்டாயிற்று. சார் வேண்டும் என்பவர்கள் தாண்டலாம்.

கோல்கீப்பர் எழுந்து போனான். அவன் அண்ணன் போனான். கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தயங்கித் தயங்கிப் போனார். அவ்வளவுதான்.

“வேற யாரும் உண்டா?” என்று கேட்டான் மிக்கேலடிமை. கேட்டுவிட்டு, அவனைப் பார்த்துத் தலையசைத்தான். உனக்காகத்தான் இவ்வளவும் பேசினேன் என்பதுபோல.

உட்கார்ந்தே இருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. வெளியே எடுக்கப்பட்டவனே அவன்தான்.

சார் குனிந்து தன் செருப்பு வாரை மாட்டத் தொடங்கினார். அடுத்த பஸ்ஸுக்கு.

அவன் எழுந்தான்.

சார் அன்று காலை இரண்டாவது முறையாக வாய் திறந்தார்.

“உக்காரு மக்கா.”

உட்காரவில்லை.

கயிற்றுக்குப் பன்னிரண்டு காலடி இருக்கும். முதல் இரண்டு அடியைப் பல்லைக் கடித்துச் சமாளித்தான். மணலில் எல்லோருமே கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார்கள். அதை நம்பினான்.

ஐந்தாவது அடியில் அந்த நம்பிக்கை போயிற்று. அதற்குப்பின் மறைக்கவும் தோன்றவில்லை. வலது காலை இழுத்துக்கொண்டே நடந்தான். மணலில் அவனுக்குப் பின்னால் நீளமாக ஒரு கோடு விழுந்தது.

ஜெரால்டு வாய்க்குள் எதையோ சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். பிறகு திரும்பி நின்றான். செவ்வாய்க்கிழமை போய்விட்டது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான்.

மிக்கேலடிமை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து, கயிற்றுப் பக்கமாகக் கால் வைத்தான்.