கேப்டனுக்குப் பயம்

ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் திடீரென்று பிரேக் போட்டது. முன் சீட்டில் என் மூக்கு இடித்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

மதுரைக்குப் போக வேண்டிய விமானம், பெங்களூரிலேயே நின்றுவிட்டது.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். “கேப்டன் ரூபினி பேசறேன். வேகம் காட்டற ரெண்டு கருவியும் வேற வேற காட்டுச்சு. அதனால கிளம்பாம நிறுத்திட்டேன். திரும்பிப் போய் சரி பண்ணிட்டுப் போகலாம்.”

“இதுக்கா நிறுத்துவாங்க?” என்றேன், பத்து வரிசைக்குக் கேட்கும்படி.

பக்கத்து சீட்டில் டெரிக். நீலசந்திராவில் ஜிம் நடத்துகிறாராம். “டேஞ்சர் இல்லையா சார்?” என்றார்.

“என்ன டேஞ்சர்? என் ஸ்கூட்டர்ல ஸ்பீடாமீட்டர் செத்துப் பல வருஷம் ஆச்சு. தினம் ஈஜிபுராவிலேருந்து ஆபீஸ் போய்ட்டு வரலையா? தைரியம் வேணும் சார்!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதாதா? விமானம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

மச்சினன் மகளுக்குச் சாயந்திரம் நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகை வாசிக்க வேண்டியவன் நான். அதற்காக ஏற்ற இறக்கத்தோடு ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரல், இங்கே பயன்பட்டது.

“கேப்டனை வரச் சொல்லும்மா!” என்றேன், பணிப்பெண்ணிடம்.

கேப்டனே வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

“சின்னக் கருவிக்கெல்லாம் பயந்தா, நீ எப்படிம்மா விமானம் ஓட்டுவே?”

“சந்தேகம் வந்தா நிறுத்திடணும் சார். கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

அவர் போனதும் டெரிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே சார்!”

இன்ஜினீயர்கள் வந்தார்கள். பழுதான பாகத்தை மாற்றினார்கள். சோதித்துப் பார்த்தார்கள். மறுபடி அதே குரல். “எல்லாம் சரியாயிடுச்சு. கிளம்பறோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டத்தான் பார்த்தேன். உள்ளங்கை நனைந்திருந்தது. அதே விமானம். அதே ஓடுபாதை. இந்தத் தடவை மேலே போனபிறகு ஏதாவது ஆனால்?

“பாத்ரூம்” என்று டெரிக்கிடம் சொல்லிவிட்டு முன்பக்கம் போனேன். திரைக்குப் பின்னால் நின்ற பணிப்பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். “நான் இறங்கிடறேம்மா.”

அவள் கேப்டனைக் கூட்டி வந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

“இறங்கறதுன்னா தாராளமா இறங்கலாம் சார். உங்க பெட்டியைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாகும், அவ்வளவுதான்.”

“எல்லாரும் என்னைப் பார்ப்பாங்களேம்மா...”

அவர் திரையை நன்றாக இழுத்து மூடினார். பணியாளர் உட்காரும் மடக்கு சீட்டை விரித்து என்னை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் பேசிய பேச்சையெல்லாம் இப்போது திருப்பிக் கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

“நிறுத்தினப்போ எனக்கும் நெஞ்சு படபடன்னுதான் அடிச்சுது சார்” என்றார். “இப்ப அடிக்கல. மாத்தினதை நானே பார்த்துட்டேன். துளி சந்தேகம் இருந்தாலும் கிளம்ப மாட்டேன். நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் கதவை மூட மாட்டோம்.”

வெளியே முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. யாரோ கைகூடத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தேன்.

“போகலாம்மா” என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கதவு மூடியது. ஸ்பீக்கர் கரகரத்தது.

“மறுபடியும் தாமதமானதுக்கு மன்னிக்கணும். கிளம்பறதுக்கு முன்னால எனக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டுது. தப்பு என்னோடதுதான்.”

விமானம் முழுக்க “ச்சே!” என்றது.

“பார்த்தீங்களா சார்?” டெரிக் என் பக்கம் சாய்ந்தார். “அந்தம்மாவுக்குப் பயம்! நீங்க அப்பவே கரெக்டா சொன்னீங்க.”

“போனாப் போகுது, விடுங்க சார்” என்றேன், பெருந்தன்மையாக.