ஜம்புலிங்கம் வாக்கு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. உலையில் போட்ட அரிசி வேகிறதற்குள் சொல்லி முடித்துவிடுகிற கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில், பூந்தமல்லியில் நடந்தது.

ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் அன்றைக்குச் சாயங்காலம் நிற்க இடமில்லை. சைக்கிள் பந்தயக்காரர்கள் தாம்பாளமும் கையுமாக வரிசையில் நின்றார்கள். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு. ஒருவன் உயிரோடு ஒரு சேவலையே கொண்டுவந்திருந்தான்.

விடிந்தால் பந்தயம். பூந்தமல்லியில் புறப்பட்டு நகரி மலை உச்சிவரைக்கும் மிதிக்க வேண்டும். யார் எப்படி மலை ஏறுவார்கள் என்று முந்தின நாளே ஊரைக் கூட்டி வாக்குச் சொல்வது ஜம்புலிங்கத்தின் வழக்கம்.

சேவல்காரன் ஆவடி கன்னியப்பன். பந்தயம் ஓட்டியே பிழைக்கிறவன். கெண்டைக்கால் ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய்.

"எளஞ்சேவல் அண்ணாத்தே, கொழம்பு வெச்சி சாப்புடு" என்று குனிந்து சொன்னான். "நம்ம பேர மட்டும் மனசுல வெச்சிக்க. வாயில வேணாம், மனசுலயே கெடக்கட்டும்."

'எவ்வளவு அடக்கம்!' என்று கதவுக்குப் பின்னால் நின்ற பொன்னியம்மா நினைத்துக்கொண்டாள். அவள் ஜம்புலிங்கத்தின் மருமகள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதுசு. மாமனார் வாக்குச் சொல்லி அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவள் புருஷன் வரதனும் நாளைக்கு ஓட்டுகிறான். ஜெயித்தால் பட்டணத்துச் சைக்கிள் கம்பெனி ஒன்று அவனைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். தோற்றால் சித்தப்பன் மகனோடு ரங்கூனுக்குக் கப்பல். அதற்குக் கட்டிவைத்த தகரப்பெட்டி மூலையில் இருந்தது. பொன்னியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஜம்புலிங்கம் மாட்டுவண்டி மேல் ஏறி நின்றார். ஒரு சைக்கிள்காரனும் மூச்சு விடவில்லை.

"நல்லா கேட்டுக்கங்க! திருவள்ளூர் தாண்டுற வரைக்கும் எல்லாம் ஒண்ணாத்தான் போவும். மலை அடிவாரத்துல பாதிப் பேருக்கு நாக்கு தள்ளிடும். மேல ஏத்தத்துல நிக்கப்போறது ஒரே ஆளு, நம்ம ஆவடி கன்னியப்பன்! காலா அது? தேர் வடம்! நாளைக்கி மாலை அவனுக்குத்தான்!"

மற்றவர்கள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். கன்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று பொன்னியம்மா நினைத்தாள்.

"அப்ப உன் புள்ள வரதன், மாமே?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அவனா? அவன் மிதிக்கிறது சைக்கிளா, தையல் மிஷினா? மூணாவது வளைவுல எறங்கி, வண்டியத் தோள்ல தூக்கிகினு நடந்து வருவான், பாரு!"

ஊரே சிரித்தது. வரதன் வந்து அப்பன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பொன்னியம்மா விடவில்லை. உள்ளே வந்தவனை மடக்கினாள். "ஊர் முன்னாடி உன் மானத்த வாங்குறாரு, நீ அவரு கால்ல வுழறியா?"

"நைனா எனுக்குக் கெட்டது செய்வாராம்மே?" என்று சிரித்துவிட்டு அவன் செயினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டான்.

அன்றைக்கு மாமனாருக்குச் சேவல் குழம்பு கிடைக்கவில்லை. பழைய சோறுதான்.

"தொட்டுக்க ஊறுகாயாச்சும் இருக்குதாம்மா?"

"அதயும் அந்தக் கன்னியப்பன் ஊட்லயே போய்க் கேளுங்க மாமா."

ஜம்புலிங்கம் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மேளச்சத்தம் கேட்டது. பொன்னியம்மா தெருவுக்கு ஓடினாள். பந்தயக்காரர்களை ஏற்றி வந்த பஸ்ஸின் கூரைமேல் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தான் வரதன்!

பின்சீட்டில் கன்னியப்பன், முழங்காலில் கட்டோடு. மலையில் எல்லாருக்கும் முன்னால் போனவன் அவன்தானாம். டயர் வெடிக்கப்போகிறதா, செயின் அறுந்துவிடுமா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே மிதித்ததில், வளைவில் நின்ற புளியமரத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டானாம்.

பொன்னியம்மா முதல் வேலையாகத் தகரப்பெட்டியைத் திறந்து, துணியையெல்லாம் அள்ளிக் கொடியில் போட்டாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மாமனார் எதிரே வந்து நின்றாள்.

"இன்னா மாமா, பெத்த புள்ளையவே தோப்பான்னு சொன்னீங்களே. இப்ப உங்க வாக்கு இன்னா ஆச்சு?"

ஜம்புலிங்கம் நிதானமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தார்.

"மொதல்ல அந்த ஊறுகாய வையி. நான் ஜெயிப்பான்னு சொன்ன எவம்மா இதுவரைக்கும் ஜெயிச்சிக்கீறான்?"

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், வெளியே போனவர்களெல்லாம் பொழுதோடு வீடு திரும்பட்டும், கண்ணுகளா. பயப்படாதீர்கள், இது ஜம்புலிங்கம் சொன்னதில்லை, நான் சொல்வது.