தாழப் பறந்த ஞாயிறு

“கதவ நல்லா இழுத்துச் சாத்துங்கம்மா. கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,” என்றார் ராதாகிருஷ்ணன்.

ஆஸ்டர் விமானத்துக்கு நாற்பது வயது. துணி போர்த்திய இறக்கை. முன்விசிறியைக் கையால் சுற்றிவிட்டால்தான் எஞ்சின் விழிக்கும். அடுத்த வாரம் அது அருங்காட்சியகத்துக்குப் போகிறது. முப்பது வருடத்துக்கு மேல் அதை ஓட்டிய ராதாகிருஷ்ணன், சுங்கை பீசி மைதானத்தில் அன்று ஆசை தீர ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அமர்ந்தது கிள்ளானிலிருந்து வந்த வள்ளியம்மா. ஐம்பது வயதிருக்கும். அவர் கணவர் பாலன் வேலியோரம் குடையோடு நின்றார்.

“உங்க வீட்டுக்காரர் வரலியா?”

“அவரா? ஒரு காலத்துல அவரும் பைலட்டாம் அண்ணே. இப்ப ஏறச் சொன்னா தலை சுத்துதுன்றாரு லா.”

எந்த ஊரில் ஓட்டினார் என்று கேட்க வாயெடுத்தார் ராதாகிருஷ்ணன். அதற்குள் கீழே நின்ற பையன் முன்விசிறியைச் சுற்றிவிட, எஞ்சின் உறுமிவிட்டது.

சக்கரம் தரையை விட்டதும், ஓட்டும் பிடியின் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. அவருக்குச் சட்டென்று இருபத்தாறு வயதாகிவிட்டது.

“புது பிளேன்லாம் பஸ் மாதிரி இருக்கும்மா,” என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார். “இதுலதான் காத்து நம்ம கையக் குலுக்கிட்டுப் போகும்!”

கீழே ரயில் தண்டவாளங்கள் பின்னிக்கொண்டு கிடந்தன. “பாருங்க, பிரிக்பீல்ட்ஸ். இங்கதான் என் லைசென்ஸ் மூணு மாசம் போச்சு.”

“ஏன் அண்ணே?”

“ஐம்பத்தேழுல ஒரு பொண்ணு. பேர்கூடத் தெரியாது, பஸ் ஸ்டாப்ல தூரத்துல பாத்ததுதான். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அவ வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. கூரைய உரசுற மாதிரி தாழப் பறந்து, லெட்டர மைலோ டின்ல வச்சு வீசிட்டேன். தெருவே வெளிய ஓடி வந்துருச்சு!”

சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்த வள்ளியம்மா சிரிப்பை நிறுத்தினார். “லெட்டர்ல என்ன எழுதுனீங்க?”

“சாயந்தரம் நாலு மணிக்கு லேக் கார்டன் பாலத்துல நிப்பேன்னு. அப்பாகாரர் கையில கிடைச்சா வம்பாச்சே, அதான் என் பேர் போடல. ஆனா யாரோ போலீஸுக்குப் போன் பண்ணிட்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் ஃப்ளையிங் கிளப்புல நிக்க வச்சுத் திட்டுனாங்க. அப்புறம் ஓடிப் போய்ப் பாத்தா, பாலத்துல ஈ காக்கா இல்ல.”

“அப்புறம்?”

“அவளுக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன். எனக்கும் தங்கமான மனைவி, மூணு பிள்ளைங்க. ஆனா இந்தத் தெருவுக்கு மேல வந்தா மட்டும், ‘அன்னிக்கு ஏன் வரல’ன்னு மனசு கேக்கும்.”

வள்ளியம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிப்போய் ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். கண்ணில் நீர் வழிய வழிய, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் நாலு மணிக்கே வந்துட்டேன் அண்ணே! பாலத்துல நின்னவர்கிட்ட ‘நீங்கதான் அந்தப் பைலட்டா’ன்னு கேட்டேன், ‘ஆமா’ன்னாரு, அவரையே கல்யாணம் கட்டிக்கிட்டேன்!”