கையில் கொடுக்க ஒரு ரூபாய்

பழவேற்காட்டு ஜலீல் காய்ந்த இறாலைப் பொட்டலம் கட்டி ஊர் ஊராக விற்றுவந்தார். ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக் கடையில் வந்து வாங்கிக்கொண்டால் கொண்டுவரும் கூலி கிடையாது. வீட்டுக்கே வேண்டுமென்றால் ஒரு ரூபாய் கூடுதல்.

அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தது ஓய்வுபெற்ற எஸ்தர் டீச்சர் மட்டும்தான்.

"கடை உங்க வூட்டுக்கு எதிர்லயே கீது டீச்சர். இன்னாத்துக்கு வீண் செலவு?"

"அது உனக்கெதுக்கு? செவ்வாய்க்கிழமை தவறக்கூடாது. கதவைத் தட்டி என் கையிலதான் குடுக்கணும். வாசல்ல வச்சிட்டுப் போயிடாதே."

படித்தவர்களின் வீம்பு என்று நினைத்துக்கொண்டு, ஆறு மாதம் அப்படியே கொடுத்துவந்தார் ஜலீல்.

அந்தச் செவ்வாய் எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. தெருக்கோடியிலிருந்த மரியம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் கதவை உடைத்து உள்ளே போனார்கள். டீச்சர் கட்டிலில் இறந்துகிடந்தார். முந்தின நாளே உயிர் போயிருக்க வேண்டும்.

மரியம்மா அழுதுகொண்டே டீச்சரின் முகத்தைப் புடவையால் மூடினாள். பிறகு கேட்டாள்.

"நீ எங்க இந்தப் பக்கம் பாய்?"

"எறா குடுக்க வந்தேன். வாராவாரம் வாங்குவாங்க."

"டீச்சரா?"

சமையலறை மூலையில் பிரிக்காத பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. மரியம்மா அவற்றையே பார்த்தாள்.

"எறா தின்னா அதுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிடுமே பாய். வாயிலயே வைக்காது. 'நான் செத்தா நாத்தம் வந்துதான் ஊருக்குத் தெரியும்'னு மட்டும் சொல்லிக்கினே இருக்கும்."